மறுபடியும் கேட்கவும்

கேப்டன் இன்னாசிமுத்து கடலில் விழுந்து செத்த தகவல் எனக்கு வந்தபோது, அவர் என் எதிரே உட்கார்ந்து வடையை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை சாகவில்லை. ஆயிரம் பயணத்தில் நூற்றுக்கும் மேல் செத்திருந்தார். நான் திரையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுங்க கேப்டன்" என்று தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். "நீங்க இவ்வளவு சொல்லுதீங்களேன்னுதான்" என்று சொல்லி எடுத்துக்கொண்டார். இரண்டு.

செத்தது அவருடைய நிழல். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம் கடலைத் தாண்ட வேண்டுமென்றால் கடல்கடப்பு வாரியத்தின் அனுமதி வேண்டும். வாரியம் மனிதர்களை நம்புவதில்லை. அதனால் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு நிழல் செய்து வைத்திருக்கிறது. அவர் இதுவரை ஓட்டிய பயணங்கள், ரேடியோவில் பேசிய பேச்சு, பதறியது, கொட்டாவி விட்டது எல்லாவற்றையும் கொட்டிக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு இன்னாசிமுத்து. நாங்கள் போட்டுக்கொடுக்கும் திட்டப்படி அந்த நிழல் அதே பாதையில் ஆயிரம் தடவை பறக்கும். ஒரு தடவை எண்ணெய் கசியும், ஒரு தடவை எதிர்காற்று அடிக்கும், ஒரு தடவை இரண்டும் சேர்ந்து வரும். நாலைந்து தடவைக்கு மேல் கடலில் விழுந்தால் நிஜ ஆளுக்கு அனுமதி கிடையாது. நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆயிரமும் முடிந்துவிடும். தான் நிழல் என்பது மட்டும் நிழலுக்குத் தெரியாது. தெரிந்தால் அலட்சியமாக ஓட்டுமாம்.

என் பெயர் செண்பகவல்லி. விற்ற விமானத்தை வாங்கியவர் ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில், தூத்துக்குடியில், பயணத் திட்டம் போடுகிறவள். ஓட்டுகிறவருக்குத்தான் பெயர். கடலுக்கு நடுவில் பெட்ரோல் தீர்ந்தால் மட்டும் என் பெயரும் வெளியே வரும்.

இந்தத் தடவை நாலு இருக்கை விமானம் ஒன்று செஷல்ஸ் தீவுக்குப் போக வேண்டும். தீவு விட்டுத் தீவு நோயாளிகளைக் கொண்டுபோக ஒரு டாக்டர் வாங்கியிருந்தார். முதல் நாள் மாலத்தீவின் தென்கோடியில் இருக்கும் கான் தீவு. அங்கே தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயும் வரை தண்ணீர்தான். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் டேங்க் வைத்தேன். இந்த விமானம் குடிக்கும் பெட்ரோல் கான் தீவில் கிடைக்காது என்பதால் பீப்பாய்களில் கப்பலேற்றி முன்னாடியே அனுப்பினேன். காற்று முதுகுப் பக்கம் இருக்கும் மாதமாகப் பார்த்து நாள் குறித்தேன். மூன்று நாட்டு அனுமதி, உயிர்காப்புப் படகு, சாட்டிலைட் போன், தண்ணீர் பாட்டில் வரை எடை போட்டுச் சேர்த்தேன். பாதி வழியில் ஒரு புள்ளி உண்டு. அதைத் தாண்டிவிட்டால் திரும்புவதைவிடப் போவதே கிட்டம். அந்தப் புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் தொடுவேன். அப்படிப்பட்ட திட்டத்தில் ஒரு மனிதர் நூறு தடவை சாகிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அவருக்கு எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். மூன்று முயற்சியிலும் தோற்று வாரியம் மறுத்துவிட்டால் அந்த விமானி அதற்குப் பிறகு கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. கேப்டனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பறப்பதைப் பிடுங்கிக்கொண்டால் அவரிடம் மிஞ்சுவது மரியாதை ஒன்றுதான்.

"மூணு முயற்சி குடுப்பாங்கள்லா? ஒண்ணு போச்சு. பரவால்ல" என்றார். கை வடையைப் பிட்டுக்கொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

பெட்ரோல் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். சரி. காற்று, எடை, பாதை எல்லாம் சரி. பிறகுதான் விழுந்த பயணங்களின் ரேடியோப் பேச்சை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. எண்ணெய் கசிகிறது. தலைக்கு மேலே போகும் பெரிய விமானமோ, கீழே போகும் கப்பலோ, "உதவி வேண்டுமா?" என்று கேட்கிறது. கேப்டனின் நிழல் ரொம்பப் பணிவாக, "வேண்டாம், நன்றி, நானே சமாளித்துக்கொள்கிறேன்" என்கிறது. அவர்களும் நல்ல மனிதர்கள். நம்பிவிடுகிறார்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

விழுந்த நிழலை விசாரிக்க எங்களுக்கு உரிமை உண்டு. கடைசி நிமிடத்துக்கு முன்னால் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு, சாட்டிலைட் போனில் கூப்பிடுவது போலப் பேச வேண்டும். கூப்பிட்டேன்.

"செண்பகமா? வேலை நேரத்துல உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேனே" என்றது அந்தக் குரல். அச்சு அசலாக அவர்தான்.

"கேப்டன், கப்பல்காரன் உதவி வேணுமான்னு கேட்டானே. ஏன் வேண்டாம்னீங்க?"

"ஒரு தடவதான கேட்டான்."

"எத்தன தடவ கேக்கணும்?"

"கேட்ட ஒடனே சரின்னு சொன்னா, காய்ஞ்சு கெடந்தவன்னு நெனைக்க மாட்டானா? நெசமா செய்யணும்னு மனசு உள்ளவன் இன்னொரு தடவ கேப்பாம்லா. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்கல. போயிட்டான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "தண்ணி கிட்ட வந்துட்டு செண்பகம். வச்சிரட்டுமா?" என்றது.

போனை வைத்தேன். கம்ப்யூட்டரில் ஓடும் குரல்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

எனக்கு அதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். விருந்துக்குப் போன வீட்டில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை கேட்பது அவர்கள் மரியாதை. இது தெரியாத வெளியூர்க்காரன் வீட்டில் எங்கள் ஆட்கள் பசியோடு எழுந்து வந்த கதை ஏராளம். கடலில் இதனால் செத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நடந்ததை நிஜ கேப்டனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கடைசியா என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

"நன்றின்னு சொன்னீங்க."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

"பாவம்" என்றார். "பயந்திருப்பான். எங்கிட்டயே எறங்குன பெறவுதான் பயம் வரும். அவனுக்கு எறங்கவே கெடைக்கலையே."

பயிற்சியை ஆரம்பித்தேன். கேட்டதும் சரி என்று சொல்லப் பழக வேண்டும். பேச்சைப் பதிவு செய்து நிழலுக்குள் சேர்க்க வாரியம் அனுமதிக்கும்.

"கேப்டன், டீ சாப்பிடுதீங்களா?"

"வேண்டாம். ஐயோ! வேணும்."

"நாற்காலி போடவா?"

"போடுங்க. ஒங்களுக்குச் சிரமம் இல்லன்னா. இல்ல, வேண்டாம், நின்னுக்கிடுதேன்."

ஒரு வாரம் இப்படிப் போனது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், டீக்கடையில் நின்று "வேணும், வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கடைக்காரர் என்னிடம் வந்து விசாரித்தார். பதிவுகளைச் சேர்த்து இரண்டாவது முயற்சிக்கு அனுப்பினோம். நிலைமை இன்னும் மோசமானது. நிழல் இப்போது முதலில் "சரி, வாருங்கள்" என்றது. கப்பல் திரும்பிப் பாதி தூரம் வந்த பிறகு, "உங்கள் வேலை கெடுகிறதே, நீங்கள் போங்கள்" என்று அனுப்பிவைத்தது.

மிச்சம் ஒரே ஒரு முயற்சி. அவரை மாற்ற முடியாது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. உலகத்தை மாற்றுவது சுலபமாகப்பட்டது. பயணத் திட்டத்தின் கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். வழியில் இருக்கும் எல்லாக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கும் அது போகும். அவர்கள் பக்கத்தில் இருக்கும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் சொல்வார்கள். வழக்கமாக அதில் படகின் நிறம், உடையின் நிறம் எழுதுவோம். நான் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன்: விமானி உதவியை மறுத்தால் மறுபடியும் கேட்கவும்.

வாரியத்தில் எங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி ஹரிஹரசுதன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். சின்ன வயது, இனிமையாகப் பேசுவார்.

"என்ன மேடம் இது, மறுபடியும் கேட்கவும்? கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கு."

"அதேதான் சார்" என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டே ஓட்டிப் பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த டீ ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. ஆயிரத்தில் ஒரே ஒரு நிழல் விழுந்திருந்தது. அதுவும் மின்னல்.

"பிரமாதம் மேடம்! ஒரே ஒரு வரி! இதை நாங்க சும்மா விடப்போறதில்லை" என்றார் ஹரிஹரசுதன். அவர் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாளில் கேப்டன் திட்டத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஒலகத்துக்கே சொல்லிட்டீங்களே செண்பகம்."

"வேற வழியில்ல கேப்டன்."

"பரவால்ல" என்றார். எழுந்து, பைக்குள் திட்டத்தை வைத்து, இரண்டு தடவை ஜிப்பை இழுத்து மூடினார். "வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு மனிதரை உயிரோடு அனுப்பிவைக்க அவர் மானத்தை வாங்க வேண்டியிருந்தது.

கான் தீவு வரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் பாதிப் புள்ளியைத் தாண்டிய பிறகு சாட்டிலைட் போன் அடித்தது.

"எண்ணெய் அழுத்தம் கொஞ்சம் எறங்குது. சும்மா ஒரு வார்த்த சொல்லி வைப்போம்னு கூப்ட்டேன்."

"பக்கத்துல கப்பல் எதும் இருக்கா?"

"மீன்பிடிக் கப்பல் ஒண்ணு நிக்கி. பெரிசு."

"கேட்டானா?"

"கேட்டான். வேண்டாம்னேன்."

"ரெண்டாவது தடவ கேட்டானா?"

"கேட்டான்." போனில் எஞ்சின் சத்தம் ஒரு மாதிரியாகக் கேட்டது. "நீங்க எழுதிக் குடுத்தத வார்த்த மாறாம வாசிச்சான் செண்பகம். அது கேட்டதுல சேருமா? மனசுலருந்து வரலையே. அதுக்கும் வேண்டாம்னுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கத்த வாயைத் திறந்தேன். "கேப்டன், தயவுசெஞ்சு" என்று ஆரம்பிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்பார். மூன்றாம் தடவையும் வேண்டாம் என்பார். நன்றி சொல்வார். நன்றாகப் பரிமாறத் தெரிந்தவர்கள் இப்படிப்பட்டவரிடம் கேட்பதே இல்லை, இலையில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இன்னொரு போனை எடுத்துச் செஷல்ஸ் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டேன். விமானியின் சார்பில் தரையிலிருந்து அபாய அறிவிப்பு கொடுக்கிறேன், கப்பலைத் திருப்புங்கள் என்றேன். விமானி கேட்டாரா என்றார்கள். அவரைக் கேட்க வேண்டாம் என்றேன். இதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். தனக்கு ஆபத்து என்று தானே சொல்லத் தெரியாத விமானிக்குக் கடல் உரிமம் கிடையாது. அவருக்கு உயிரைக் கொடுத்து, உரிமத்தை எடுத்துக்கொண்டேன்.

எஞ்சின் நின்றபோது கப்பல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பக்கத்திலேயே இறக்கினார். விமானம் மூழ்கிவிட்டது, டாக்டருக்குக் காப்பீட்டில் வேறொன்று வந்தது. கேப்டனைப் படகில் தூக்கிப்போட்டுக் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கம்பளி போர்த்தினார்கள். சூப்பை வேண்டாம் என்றாராம். சமையல்காரன் காதில் வாங்காமல் கையில் திணித்துவிட்டுப் போனானாம். "நல்ல பையன்" என்று ஊருக்கு வந்த பிறகும் அவனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

உரிமம் போனதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அலுவலகத்துக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து, பெட்ரோல் கணக்குகளைச் சரிபார்க்க ஆரம்பித்தார். நானும் கேட்கவில்லை. அவருக்கும் சேர்த்து டீ வரவழைத்தேன்.

ஹரிஹரசுதன் சொன்னபடியே சும்மா விடவில்லை. என் ஒரு வரி 'இரண்டாம் கேள்வி விதி' ஆனது. முதலில் விமானிகளுக்கு. பிறகு கப்பல்களுக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம் என்றவரை அவர்கள் மறுபடி கேட்டபோது பாதிப்பேர் சரி என்றார்களாம். காப்பீடு விற்கிறவர்கள் அதைவிட விரும்பினார்கள். கேப்டன் நடுக்கடலில் இரண்டு தடவை மறுத்த விஷயம் வாரியத்துக்குத் தெரிந்ததும் விதியில் ஒரு திருத்தம் வந்தது. இரண்டாம் மறுப்பும் சந்தேகத்துக்கு உரியதே. மறுத்தவரை நன்கு அறிந்த ஒருவர், அது நிஜமான மறுப்புதான் என்று உறுதி சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண், பார்க்க வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் இந்த விதியைச் சொல்லி மூன்று தடவை வந்தார்கள். உறுதி சொல்ல வேண்டிய அவள் அப்பா வாயைத் திறக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

போன மாதம் ஹரிஹரசுதனே நேரில் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. கேப்டனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"சார், ஒரு நல்ல செய்தி. இனிமே இந்த மாதிரி விமானங்கள்ல ஆளே வேண்டாம்னு முடிவாயிருக்கு. நிழலே ஓட்டும். எந்த நிழல்னு தேடினோம். கடல்ல உங்க நிழல் பட்ட அனுபவம் உலகத்துல எந்த விமானிக்கும் கிடையாது. விழுந்து விழுந்து கத்துக்கிட்டிருக்கு. அதை எல்லா விமானத்துலயும் வைக்கப்போறோம். உங்க சம்மதம் வேணும்."

"மாட்டேன்" என்றார் கேப்டன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் நன்றி சேர்க்காமல் மறுத்து நான் கேட்டதில்லை.

"அவன் நூறு எரநூறு தடவ முங்கிச் செத்தாச்சு தம்பி" என்றார். "ஒவ்வொரு தடவையும் நெசம்னு நெனச்சுத்தான் செத்தான். ஒங்களுக்கு அவன் கம்ப்யூட்டரு. எனக்கு அப்பிடி இல்ல. நீங்க அவன எல்லா விமானத்துலயும் ஒக்கார வச்சா, தான் நெழலுன்னே தெரியாதவன், அத வேண்டாம்னு சொல்ல அவனால முடியாது. நான் சொல்லுதேன். அவன விட்டுருங்க. அழிச்சிருங்க."

ஹரிஹரசுதன் கனிவாகத் தலையாட்டினார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "சார், உங்க சம்மதம் வேணும்" என்றார் மறுபடியும்.

"மாட்டேன்!" மேசையில் அடித்தார். டம்ளர் உருண்டது.

"புரியுது சார்" என்று சொல்லிவிட்டு ஹரிஹரசுதன் என் பக்கம் திரும்பினார். "மேடம், கடல்ல இவர் ரெண்டு தடவை மறுத்தார். அது நிஜமில்லைன்னு கண்டுபிடிச்சுச் சொன்னது நீங்க. அதனால இவரை நன்கு அறிந்தவர்னு கோப்புல உங்க பேர்தான் இருக்கு. சொல்லுங்க. இது நிஜமான மறுப்பா?"

கேப்டன் என்னைப் பார்த்தார். என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார், கண்ணால்.

"நிஜமான மறுப்பு" என்றேன். "சத்தியமா. அவருக்கு இதுல துளிகூடச் சம்மதம் இல்ல. எழுதிக்கிடுங்க."

ஹரிஹரசுதன் எழுதவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கேலி கிடையாது, கெட்ட எண்ணமும் கிடையாது. எங்கள் இரண்டு பேர் மேலும் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"மேடம், நீங்களும் இந்த ஊர்தானே?" என்றார்.

"அதுக்கென்ன சார்? எத்தன தடவ சொல்லணும்? அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்!"

"உங்க ஊர்ல எத்தனை தடவை மறுத்தா நிஜம்ங்கறது விதியில இன்னும் வரலை மேடம்" என்று சொல்லிவிட்டு, இனிப்புப் பெட்டியைத் திறந்து எங்களைக் கேட்காமலே ஆளுக்கொன்றை எங்கள் கையில் வைத்தார். பிறகு டேப்லெட்டை எடுத்துச் சம்மதம் என்ற கட்டத்தைத் தொட்டார்.